டிரெஸ்ஸர் காரில் நான் மாற்றிய பாகங்கள்

கம்ப்யூட்டரைச் செருகினால் கோளாறு எங்கே என்று காரே சொல்லிவிடும் காலத்தில் நீங்கள் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நல்ல காலம். என் நாளில் அப்படி ஒன்று இருந்திருந்தால் என் தலையில் இன்னும் கொஞ்சம் முடி மிஞ்சியிருக்கும்.

போன மாதம் சும்மா டீ குடித்துவிட்டுப் போகலாமென்று பட்டறைக்கு வந்தேன். நீங்கள் நான்கு பேரும் ஒரு பழைய காரின் பானட்டைத் திறந்து வைத்து, கார்புரேட்டரைச் சுற்றி வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். துக்க வீட்டில் நிற்பவர்கள் மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் ஓடுகிறது, பிறகு பெட்ரோல் வராமல் நின்றுவிடுகிறது என்றீர்கள். உங்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "அங்கிள், எந்த பார்ட்ட முதல்ல மாத்தணும்?" என்று கேட்டார்.

டீயைக் குடித்துவிட்டு ஏதோ சொல்லிச் சமாளித்துப் போய்விட்டேன். ஆனால் செனாவாங்கில் என் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஏனென்றால் அதே கேள்வியை என்னை நானே கேட்டுக்கொண்டு, ஒரு நல்ல மனிதருடைய வீட்டையே ஆட்டம் காண வைத்தவன் நான். அதை வாயால் சொன்னால் நடுவில் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவேன். எழுதினால் நிறுத்த மாட்டேன் என்று நினைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. என் படிப்பு பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு சரி. மற்ற பிள்ளைகளுக்குத் தேர்வு நாளில் வயிறு கலங்கும். எனக்குத் தேர்வு அட்டவணையை ஒட்டும் நாளிலேயே கலங்கிவிடும். தாங்க முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, எங்கள் ரப்பர் தோட்டத்து லோரிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். லோரி தேர்வு வைக்காது என்று நம்பினேன். அது தினமும் வைக்கும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அங்கிருந்து பிறகு சிரம்பானில், தெமியாங் பட்டறைக்கு மாறினேன்.

வயதானால் பயம் குறையும் என்றார்கள். எனக்குக் கூடியது. சக்கர நட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய், பாதிச் சோற்றில் எழுந்து பட்டறைக்குத் திரும்பி வந்து மறுபடியும் முறுக்கியிருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் வீடு சேர்வதற்குள் இரண்டு தடவை போன் செய்து, "ஓடுதா?" என்று கேட்பேன். ஒருவர் சொன்னார்: "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு மணியம். உனக்குப் பதில் சொல்லணும்னு இப்பத்தான் நிப்பாட்டியிருக்கேன்."

இந்தப் பயத்துக்கு நானே ஒரு வைத்தியம் வைத்திருந்தேன். வேலை முடிந்த வண்டிக்குச் சந்தனப் பொட்டு. ஆயுத பூசைக்கு எல்லோரும்தான் வைக்கிறார்கள். நான் வருடம் முழுவதும் வைப்பேன். அதுவும் கை வைத்த இடம் பார்த்து வைப்பேன். பிரேக் வேலை என்றால் பிரேக் மிதியில், கியர் வேலை என்றால் கியர் குமிழில். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எங்கள் பட்டறை முதலாளி, சீனத் தவுக்கே, தமிழில்தான் திட்டுவார். "மணியம், இது பட்டறைலா. கோயில் இல்ல," என்பார். ஆனால் அவருடைய லோரிக்கு வேலை பார்த்தால், பொட்டு வைத்தாயா என்று அவரே வந்து எட்டிப் பார்ப்பார்.

பட்டறையில் என் கடைசி வருடத்தில் டிரெஸ்ஸர் கார் வந்தது.

உங்களுக்கு டிரெஸ்ஸர் என்றால் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் காயம் கட்டுவதும் டிரெஸ்ஸர்தான். இவர் ஓய்வு பெற்று கோலா கிளாவாங்கில் சொந்த வீட்டில் இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். வயது எழுபத்தாறு. தோட்டத்துத் துரை ஊருக்குக் கப்பல் ஏறும்போது விட்டுப்போன பழைய ஆங்கிலேயக் கார் ஒன்றை அவர்தான் வைத்திருந்தார். கருநீல நிறம். உட்கார்ந்தால் தோல் இருக்கை முனகும். வாரத்துக்கு ஒரு நாள் அதை ஓட்டிக்கொண்டு புக்கிட் தங்கா மலையைத் தாண்டி சிரம்பானுக்கு இறங்குவார். தெமியாங்கில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டு, அரசியல் பேசி, மீன் வாங்கிக்கொண்டு திரும்பவும் மலையேறுவார். அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளும் தனியாக இருக்க முடிகிறது என்று அவரே சொல்வார்.

முதல் தடவை வந்தது சின்னக் கோளாறு. மகளைப் பார்க்கக் கோலாலம்பூர் போய்ச் சில வாரம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரில் பிசின் மாதிரி படிந்துவிட்டது. கழற்றிக் கழுவி மாட்டினேன். மத்தியானத்துக்குள் முடிந்தது. வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. பெட்ரோல் சம்பந்தப்பட்ட வேலையாயிற்றே என்று, பின்பக்கம் பெட்ரோல் ஊற்றும் மூடியின் நடுவில் அழகாக ஒரு பொட்டு வைத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் அவர் வந்து, "மணியம், மலையில நின்னுருச்சுப்பா," என்றார். "கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா கிளம்பிருச்சு."

நான் கை வைத்த வண்டி நின்றுவிட்டது என்பதுதான் காதில் விழுந்தது. மற்றது எதுவும் விழவில்லை. பெட்ரோல் தொட்டியிலிருந்து கிளம்பி, குழாய் வழியாக வந்து, வடிகட்டியைத் தாண்டி, பம்பு இழுத்து, கார்புரேட்டருக்குள் விழ வேண்டும். ஐந்தே இடம். கார்புரேட்டர் சுத்தம். அப்படியானால் பம்புதான். பம்புக்குள் இருக்கும் ரப்பர் தகட்டை மாற்றினேன். அதற்கும் சேர்த்து மூடியில் இன்னொரு பொட்டு.

மறுவாரமும் நின்றது. வடிகட்டியையும் ரப்பர் குழாய்களையும் மாற்றினேன். பிறகும் நின்றது. தொட்டியையே இறக்கிக் கழுவினேன். தொட்டிக்குள் ஒன்றுமில்லை. அவ்வளவு சுத்தமான தொட்டியை நான் பார்த்ததே இல்லை. சுத்தமாக இருந்ததற்காக அதன்மீது கோபம் வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையில் அந்த வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. தெமியாங்கைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பேன், நிற்காது. அவருடைய வீட்டிலிருந்து மலையுச்சிக்கு ஏறும்போது மட்டும் நிற்கும். என்னைப் போன்ற பயந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. நோய் கண்ணில் பட்டால் பாதி நிம்மதி. படாத நோய்க்கு மனம் என்னென்னவோ பெயர் வைக்கும். நான் வைத்த பெயர், சூடு. மலையேறும்போது இஞ்சின் கொதித்து, குழாயில் பெட்ரோல் ஆவியாகி, பம்பு காற்றை மென்றுகொண்டு நிற்கிறது என்று முடிவு கட்டினேன். பழைய ஆட்கள் இதற்கு ஒரு வழி செய்வார்கள். மரத்தாலான துணிக் கிளிப்புகளைக் குழாயில் வரிசையாக மாட்டினால் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். வேலை செய்யுமா என்று எனக்குத் தெரியாது. வீட்டிலிருந்து பதினோரு கிளிப் எடுத்து வந்து மாட்டினேன். என் மனைவி இரண்டு நாள் துணியை வேலியில் போட்டார்.

டிரெஸ்ஸர் பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரி மணியம். துணி எப்ப காயப் போடப் போற?"

அவர் கோபப்பட்டதே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் மட்டும் டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான் வேலைக்குப் போன புதுசுல, யாரு என்ன நோய்னு வந்தாலும் அதே மிக்ஸர் மருந்தத்தான் ஊத்திக் குடுப்பேன். கேள்வி கேக்க பயம். கேட்டா எனக்குத் தெரியாத பதில் ஏதாச்சும் வந்துருமோன்னு." எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று இப்போது தெரிகிறது.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய மகள் பட்டறைக்கு வந்தார். ஒரே மகள். கோலாலம்பூரில் கணக்கு டீச்சர். எனக்குப் பள்ளிக்கூடத்தை விட்டு இத்தனை வருடம் ஆகியும் டீச்சர் என்றால் கை தானாகப் பின்னால் போய்விடும். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போடாத டீச்சர்கள்தான் ஆபத்து.

"அங்கிள், ரெண்டு மாசத்துல அஞ்சு தடவ. அந்த மலையில போன் லைன் சரியா கிடைக்காது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கு. அஞ்சு தடவையும் எனக்கு அப்புறமாத்தான் தெரியுது."

"டீச்சர், அது வந்து, சூடு..."

"சூடுன்னு நீங்க சொல்றீங்க. முதல்ல பம்புன்னு சொன்னீங்க."

டிரெஸ்ஸர் குறுக்கே வந்தார். "மணியத்த ஏம்மா கேக்குற. வண்டி என்னுது."

அப்பாவும் மகளும் என் எதிரிலேயே ஒரு பேச்சுக்கு வந்தார்கள். சனிக்கிழமை வண்டி கோலா கிளாவாங்கிலிருந்து மலையைத் தாண்டி சிரம்பான்வரை நிற்காமல் வர வேண்டும். வந்துவிட்டால் மகள் இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டார். நின்றால் டிரெஸ்ஸர் வீட்டைப் பூட்டிவிட்டு, கோலாலம்பூரில் மகள் இருக்கும் அடுக்குமாடிக்குப் போய்விட வேண்டும். பதினெட்டாவது மாடி. அங்கே இருந்தபோது, காலையில் செய்தித்தாள் வாங்கக்கூட லிஃப்டில் இறங்க வேண்டியிருந்தது என்று அவர் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னவர்தான். அன்று சிரிக்கவில்லை. "சரிம்மா. நின்னா வந்துர்றேன்," என்றார். சொன்ன சொல்லை மீறாத மனிதர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் தன் வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பது என் ஸ்பேனரில் வந்து நிற்கிறது. அந்த வாரம் நான் சாப்பிட்டதாக நினைவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மலையேறி அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். கூட வருகிறேன் என்று நானேதான் சொன்னேன். புறப்படும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்தேன். அதோடு விட்டேனா? சந்தனத்தை நன்றாகக் கெட்டியாகக் குழைத்து, மூடியில் இருந்த பழைய பொட்டின் மேலேயே ஐந்து காசு அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டிரெஸ்ஸர் ஓட்டினார். டீச்சர் பக்கத்தில். நான் பின்னால், மடியில் சாமான் பையோடு. வண்டி ஊரைத் தாண்டும்வரை பாட்டாகப் பாடியது. ஏற்றம் தொடங்கியது. மூங்கில் புதர்களைத் தாண்டினோம். நான் இஞ்சின் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உச்சிக்கு முன்னால், இதுவரை நின்ற இடங்களுக்கெல்லாம் கீழேயே, வண்டி ஒருமுறை விக்கியது. பிறகு இரண்டு முறை. டிரெஸ்ஸர் ஓரமாக ஒதுக்கினார். இஞ்சின் அணைந்தது.

வேலிக் கம்பியில் இரண்டு குரங்கு உட்கார்ந்து எங்களைப் பார்த்தன.

டிரெஸ்ஸர் சாவியை உருவி மகளின் உள்ளங்கையில் வைத்தார். "நின்னுருச்சும்மா. நான் வந்துர்றேன்."

அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கக் கீழே இறங்கி, பானட்டைத் திறந்து, பதினோரு கிளிப்பையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் எந்த வேலையும் இல்லை. மாற்றுவதற்கு எந்தப் பாகமும் மிச்சமில்லை. அந்த வண்டியின் பெட்ரோல் பாதையில் நான் மாற்றாதது பெட்ரோலும் டிரெஸ்ஸரும்தான்.

ஜெயித்த டீச்சருக்கும் சந்தோஷம் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவருக்கே தாங்கவில்லை போல. அந்த ஆற்றாமையில் கேட்டார்: "எப்படிப்பா அஞ்சு தடவ இங்க தனியா நின்னீங்க? நின்னா நீங்க என்னதான் செய்வீங்க?"

"என்ன செய்வேன். இறங்குவேன். பிளாஸ்க்ல காப்பி இருக்கும். குடிப்பேன். பெட்ரோல் எண்ணெ தீந்துருச்சோன்னு பின்னாடி போயி மூடியத் திறந்து பாப்பேன். திறந்தா உஸ்ஸுனு ஒரு பெருமூச்சு விடும். எண்ணெ இருக்கும். மூடிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணுவேன். போயிடும்."

நான் கிளிப்பிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"ஐயா, என்ன விடும்னு சொன்னீங்க?"

"பெருமூச்சு. பாவம், அதுக்கும் வயசாச்சு. மணியம் வெச்ச பொட்டு கலையக் கூடாதேன்னு ஓரத்தப் புடிச்சு மெதுவாத்தான் திறப்பேன்."

தம்பிகளே, தங்கச்சிகளே, நம் பக்கத்துச் சமையலறையில் கெட்டிப் பால் டின்னைத் திறக்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். ஒரு துளை போட்டுச் சாய்த்தால் பால் வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட வேண்டும். காற்று உள்ளே போனால்தான் பால் வெளியே வரும். பெட்ரோல் தொட்டியும் பால் டின்தான். பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பல வண்டிகளில் அதற்கு வேறு எங்கேயாவது வழி இருக்கும். அந்தக் காரில் மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பொட்டு வைக்க அதைவிட அம்சமான இடம் யாருக்குத் தோன்றும்? மேலே ஒரு தகரக் கதவு வேறு மூடிக்கொள்ளும். மழை பட்டுக் கரையக்கூட வழியில்லை. வண்டி மலையேறிக்கொண்டே பெட்ரோலை உறிஞ்சும், உள்ளே காற்று வராது, கடைசியில் பம்பு இழுத்தாலும் வராது. டிரெஸ்ஸர் மூடியைத் திறப்பார். அது மூச்சு விடும். ஓடும். திறந்து மூடிய வண்டிதான் பட்டறைக்கு வந்து சேரும், அதனால் என்னிடம் நிற்காது. ஐந்து இடம் என்று எண்ணினேனே, ஆறாவது இடத்தை என் விரலாலேயே அடைத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் பயம் கூடக் கூடப் பொட்டையும் தடிப்பாக்கினேன்.

பின்னால் போய்த் தகரக் கதவைத் திறந்தேன். அவர்கள் இருவரும் முன்பக்கம் நின்றார்கள். நகத்தால் சுரண்டினேன். சிமெண்டு மாதிரி இருந்தது. அடுக்கடுக்காகப் பெயர்ந்தது.

இந்த இடத்தில்தான் நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்ற எண்ணம்தான் வந்தது. துடைத்துவிட்டு, "குழாயில ஒரு தூசி, எடுத்துட்டேன்," என்று சொன்னால் முடிந்தது. வண்டி ஓடும். தவுக்கேவுக்குத் தெரியாது. இத்தனை வருடப் பெயர் தப்பிக்கும். கைக்குட்டையை எடுத்தும்விட்டேன்.

ஆனால் பம்பு, சூடு என்று நான் ஏற்கெனவே இரண்டு காரணம் சொல்லியாகிவிட்டது. மூன்றாவதாகத் தூசி என்று சொன்னால் டீச்சர் ஏன் நம்ப வேண்டும்? வண்டி பழசு, இன்று தூசி, நாளைக்கு வேறொன்று என்று நினைப்பார். சாவி அவர் கையிலேயே இருக்கும். டிரெஸ்ஸர் பதினெட்டாவது மாடியில் இருப்பார். என்னிடம் நம்பும்படியாக ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அவ்வளவு வெட்கக்கேடான ஒன்றை யாரும் பொய்யாகச் சொல்ல மாட்டார்கள் என்பதாலேயே அதை நம்பலாம்.

"டீச்சர், கொஞ்சம் இங்க வாங்க," என்றேன். கை பின்னால் கட்டிக்கொண்டது.

காட்டினேன். சொன்னேன். பால் டின் கதையையும் சொன்னேன். டீச்சர் குனிந்து பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து, தானே அந்தத் துளையில் விட்டுக் குத்தினார். சந்தனத் தூள் உள்ளிருந்து உதிர்ந்தது.

"அப்ப ரெண்டு மாசமா இந்தக் காருக்கு ஒண்ணுமே இல்ல?"

"இல்ல. எனக்குத்தான்."

டிரெஸ்ஸர் மூடியை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நான் சர்வீஸ்ல எத்தனையோ பாத்திருக்கேன் மணியம். மருந்து குடுத்துட்டு வாயப் பொத்துனத இன்னிக்குத்தான் பாக்குறேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. "யாரால நின்னுச்சுங்கறது எனக்கு முக்கியமில்ல அங்கிள். இன்னிக்கு இது. நாளைக்கு வேற ஒண்ணு. நின்னா அப்பா இங்க தனியா. எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான்."

அது நியாயமான பேச்சு. அதற்கு ஸ்பேனர் பதில் சொல்லாது. நான் எப்போதும் செய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கலாம். ஆனால் பயம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வாய் வந்துவிட்டது. அந்த ஒரு பாடத்தில்தான் நான் டீச்சரைவிட அதிகம் படித்தவன்.

"பயத்துல என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர். நல்லா இருந்த பம்பு, நல்லா இருந்த குழாய், எல்லாத்தையும் கழட்டிப் போட்டேன். எங்க கோளாறுன்னு பாக்கல. என் பயம் அடங்கணும்னு மாத்துனேன். ஐயாகிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தா முதல் வாரமே முடிஞ்சிருக்கும். நீங்க இப்பத்தான் கேட்டீங்க, கண்டுபுடிச்சாச்சு. ஐயாவுக்கு என்ன வேணும்னும் அதே மாதிரி கேட்டுட்டு, அப்புறமா வீட்ட மாத்துங்க. கேக்காம மாத்துனா என்னை மாதிரி ஆயிடும்."

படித்தவரிடம் அவ்வளவு நீளமாக என் வாழ்நாளில் பேசியதில்லை.

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். "கேக்கட்டுமாப்பா?"

"கேளு."

"என்ன வேணும் உங்களுக்கு?"

டிரெஸ்ஸர் அவசரப்படவில்லை. "வீடு வேணும். சனிக்கிழமை வேணும். நீ பயப்படாம இருக்கணும். மூணையும் சேத்துக் குடுக்க முடியாதுன்னா, கடைசியத் தவிர மத்தது எதுன்னாலும் எடுத்துக்க."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தார். குரங்குகள் போய்விட்டிருந்தன. பிறகு கணக்கு டீச்சராகவே திரும்பினார். மலையேறுவதற்கு முன்னும் இறங்கிய பிறகும் அப்பா போன் செய்ய வேண்டும். நாற்பது நிமிடத்தில் இரண்டாவது போன் வராவிட்டால் அவர் எனக்குப் போன் செய்வார், நான் தேடிக்கொண்டு போக வேண்டும். கண் டாக்டர் இனி ஓட்ட வேண்டாம் என்று சொல்லும்வரை அப்பா ஓட்டலாம்.

"உங்களுக்குச் சம்மதமா அங்கிள்? நீங்கதான் அடைச்சீங்க."

வாரம் தவறாமல் கவலைப்படுவதற்கு ஒரு வேலையை அதிகாரபூர்வமாக எனக்குக் கொடுக்கிறார். நான் எப்படி மாட்டேன் என்பேன்?

சாவி கை மாறியது. மூடியைத் துடைத்து மாட்டினேன். இஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. உச்சியைத் தாண்டியபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். வண்டி அடக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அந்தப் பழைய காரைக் கொண்டுவந்தவர் மறுபடியும் வரும்போது, பானட்டைத் திறக்காதீர்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். நின்றால் என்ன செய்வீர்கள், பிறகு எப்படிக் கிளம்பியது என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத பதில் வந்தால் பயப்படாதீர்கள். அதற்காகத்தான் கேட்கிறோம். மாற்றிய பாகத்தைத் திருப்பி மாட்டலாம். ஆனால் இடையில் போன இரண்டு மாதத்தில் ஒருவர் தன் வீட்டைப் பூட்டும் அளவுக்கு வந்துவிட்டார். தவறு உங்களுடையதாக இருந்தால் கைக்குட்டையை எடுக்காதீர்கள். திங்கட்கிழமை தவுக்கேவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார், மறுநாள் முழுக்கத் திட்டினார். அதோடு தீர்ந்தது.

அன்று மலை இறங்கியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வளைவுகள் தாண்டி, வீடுகள் தென்பட்டு, தெமியாங்குக்குள் நுழைந்தபோது டீச்சரிடம் இருந்து பேச்சே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். டிரெஸ்ஸர் வழக்கமாக நிறுத்தும் தோசைக் கடைக்கு வெளியே இடம் இருந்தது. கூட்டாளிகள் கை காட்டினார்கள். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, நிறுத்தாமல் கடந்தார். அடுத்த தெருவில் திரும்பி மறுபடியும் ஒரு சுற்று வந்தார். பிறகு இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் நான் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். அது கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். பின்பார்வைக் கண்ணாடி வழியாக டிரெஸ்ஸர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.